உடலைத் தாங்கும் நாற்காலி: வடிவமைப்பு எங்கே தொடங்குகிறது?

நிற்கிற ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முதுகு நேர்க்கோடாக இருக்காது. கழுத்தில் முன்பக்கமாக ஒரு வளைவு, மேல்முதுகில் பின்பக்கமாக ஒன்று, இடுப்புக்குச் சற்று மேலே மறுபடி முன்பக்கமாக ஒன்று. இப்போது அவரைச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காரச் சொல்லுங்கள். சில நிமிடம் நிமிர்ந்து இருப்பார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் போடுவார். கீழ்முதுகில் இருந்த அந்த முன்வளைவு தட்டையாகிவிடும். நன்றாகத் தளர்ந்துவிட்டால் எதிர்ப்பக்கமாகவே வளைந்துவிடும்.

"நிமிர்ந்து உட்காரு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அக்கறைக் குறைவு போலத் தெரிகிறது. இதற்கும் சோம்பலுக்கும் சம்பந்தம் இல்லை. நம் எலும்பும் தசையும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. எர்கனாமிக் நாற்காலி, அதாவது உடம்புக்கு ஏற்றபடி வடிவமைத்த நாற்காலி என்று சொல்கிறோமே, அதன் இருக்கை, சாய்மானம், லீவர், ஸ்பிரிங் எல்லாமே இந்தச் சரிவுக்குப் பதில் சொல்ல வந்தவைதான். ஆகவே நாற்காலியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு உடம்பிலிருந்து தொடங்குவோம்.

உட்காரும்போது இடுப்பில் நடப்பது

முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. இடுப்பெலும்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கேற்பத்தான் மேலே உள்ள தண்டு வளைய முடியும். இடுப்பெலும்பைத் தண்ணீர் நிறைந்த கிண்ணமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது அது லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். உட்காரும்போது பின்பக்கம் சாய்ந்து, தண்ணீர் முதுகுப் பக்கம் வழியும். கிண்ணம் பின்னால் சாயச் சாய, கீழ்முதுகின் வளைவும் அழிந்துகொண்டே போகும்.

அதைப் பின்னால் இழுப்பவை முக்கியமாகத் தொடையின் பின்பக்கத் தசைகள். அவை முழங்காலுக்குக் கீழே தொடங்கி, தொடையின் பின்னால் ஏறி, இடுப்பெலும்பின் அடியில் போய் ஒட்டுகின்றன. தொடையை மடக்கும்போது விறைத்து, இடுப்பெலும்பின் அடிப்பகுதியைத் தம் பக்கம் இழுக்கின்றன. நிற்கும்போது தொடையும் உடலும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்கின்றன. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டும் 90 டிகிரிக்கு மடங்குகின்றன. அந்த மடக்கம் முழுவதும் இடுப்பு மூட்டிலேயே நடந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் ஏறத்தாழ 60 டிகிரிதான் மூட்டு எளிதாக மடங்கித் தருகிறது. மீதி 30 டிகிரிக்கு இடுப்பெலும்பே பின்னால் உருள்கிறது. அந்தச் சுமை கீழ்முதுகின் மேல்தான் விழுகிறது.

1953இல் கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் பல உடல் நிலைகளில் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். உடலுக்கும் தொடைக்கும் இடையே சுமார் 135 டிகிரி கோணம் இருக்கும்போதுதான் கீழ்முதுகு அதன் இயல்பான வளைவில், தசைகள் முன்னும் பின்னும் இழுக்காமல் சமநிலையில் இருக்கிறது என்பது அவர் முடிவு. ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறவரின் கால்கள் மடங்கியிருக்கும் விதம் ஏறக்குறைய அதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, முழங்கால் 90, இடுப்பு 90, முழங்கை 90 என்று கோடு போட்டுக் காட்டும் "சரியான உட்காரும் முறை" படங்களை நம்புவது கடினம். 90 டிகிரி என்பது வரைவதற்கும் அளப்பதற்கும் வசதியான கோணம். உடம்புக்கு அதன்மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது.

தட்டுகளின் மேல் விழும் அழுத்தம்

முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே குருத்தெலும்பு போன்ற தட்டுகள் இருக்கின்றன. டிஸ்க் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் என்ற மருத்துவர் இந்தத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கணிசமாகக் கூடுகிறது என்று அவர் கண்டது பல ஆண்டுகள் நாற்காலி வடிவமைப்பின் அடிப்படைப் பாடமாக இருந்தது.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்க என்பவரின் குழு, நல்ல உடல்நலம் உள்ள ஒரே ஒருவரின் தட்டுக்குள் சென்சார் வைத்து, அவர் அன்றாட வேலைகளைச் செய்யும்போது அளந்தது. இயல்பாக நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). சாய்மானம் இல்லாமல் தளர்வாக உட்கார்ந்தபோது 0.46. முதுகை வலிந்து நிமிர்த்தி உட்கார்ந்தபோது 0.55. முன்பக்கம் முடிந்தவரை குனிந்து உட்கார்ந்தபோது 0.83. சாய்மானத்தில் சரிந்து கிடந்தபோது 0.27 மட்டுமே.

நிற்பதையும் சாய்மானமின்றி உட்காருவதையும் ஒப்பிடுவதில் இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றன. ஒரே ஆளை வைத்து அளந்த எண்களை எல்லோருக்கும் பொதுவாக்கவும் கூடாது. ஆனால் வடிவமைப்பாளருக்குத் தேவையான இடத்தில் எல்லாம் ஒத்துப்போகின்றன. 1970களில் நாகெம்சனும் ஆண்டர்சன் என்ற இன்னொரு ஸ்வீடன் மருத்துவரும் சாய்மானத்தின் கோணத்தை மாற்றி மாற்றி அளந்தபோது, அது 90இலிருந்து 110, 120 டிகிரிக்குப் போகப் போக, தட்டின் அழுத்தமும் முதுகுத் தசைகளின் உழைப்பும் குறைந்தன. கீழ்முதுகுக்கு ஒரு தாங்கல் வைத்தபோது இன்னும் குறைந்தன. பின்னால் சாய்ந்தால் மேலுடம்பின் எடையில் ஒரு பங்கைச் சாய்மானம் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அப்படியென்றால் நாள் முழுக்கச் சரிந்து கிடக்கலாமா என்றால், அதுவும் இல்லை. வளர்ந்தவர்களின் டிஸ்க்கில் ரத்தக்குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்து எலும்பிலிருந்து சத்து மெதுவாக ஊறித்தான் உள்ளே வர வேண்டும். அழுத்தம் ஏறி இறங்கும்போது தட்டிலிருந்து நீர் வெளியேறி மறுபடி உள்ளே போகிறது. ஒரே நிலையில், அது எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும், அசையாமல் இருந்தால் இந்தப் போக்குவரத்து மந்தமாகிறது. தசைகளுக்கும் அப்படித்தான். லேசான இறுக்கம்கூட மணிக்கணக்கில் நீடித்தால் ரத்த ஓட்டம் குறைந்து வலி தொடங்கும்.

என்னைப் பொறுத்தவரை எர்கனாமிக் நாற்காலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தி இதுதான். உடலைச் சரியான நிலையில் பிடித்து வைப்பது நாற்காலியின் வேலை இல்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சிரமமில்லாமல் போகவிட்டு, போன இடத்திலெல்லாம் இடுப்பைத் தாங்குவதுதான் வேலை.

சராசரி மனிதருக்கு அளவெடுக்க முடியாது

உடம்பு எப்படி மடங்குகிறது என்று தெரிந்தாயிற்று. அடுத்து, யாருடைய உடம்பு? புதிதாக வடிவமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சராசரி உயரத்தை எடுத்து அதற்கு ஒரு நாற்காலி வரைவார்கள். இது ஏன் உதவாது என்பதற்கு நாற்காலி உலகத்துக்குச் சற்று வெளியே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

1950இல் அமெரிக்க விமானப்படை விமானிகளின் உடல் அளவுகளைத் திரட்டியது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்து, விமானி அறைக்கு முக்கியமான 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. கை நீளத்தில் சராசரியாக இருந்தவர் கால் நீளத்தில் இல்லை. இரண்டிலும் இருந்தவர் மார்புச் சுற்றளவில் இல்லை. சராசரிக்கு என்று செய்த விமானி அறை யாருக்குமே முழுதாகப் பொருந்தாத அறையாக இருந்தது. முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கைகள், மாற்றிக்கொள்ளும் பெல்ட்டுகள் எல்லாம் இந்த மாதிரி புரிதலிலிருந்து வந்தவை.

நாற்காலி வடிவமைப்பாளர்கள் சராசரிக்குப் பதிலாக இரண்டு ஓரங்களைப் பார்க்கிறார்கள். நூறு பேரை ஏதாவது ஓர் அளவின்படி சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக நிறுத்தினால், ஐந்தாவது ஆளின் அளவு 5வது பெர்சன்டைல். தொண்ணூற்று ஐந்தாவது ஆளின் அளவு 95வது. வழக்கமாகப் பெண்களில் 5வது முதல் ஆண்களில் 95வது வரை பொருந்தும்படி செய்வார்கள்.

ஒவ்வோர் அளவையும் எந்த ஓரத்தில் இருப்பவரை வைத்து முடிவு செய்வது என்பதில்தான் திறமை இருக்கிறது. இருக்கையின் அகலத்தைப் பெரிய இடுப்பு உள்ளவரை வைத்து முடிவு செய்ய வேண்டும். சிறியவருக்கு அகலம் கூடினால் பெரிய கெடுதல் இல்லை. இருக்கையின் ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து சாய்மானம் வரையுள்ள தூரம், நேர்மாறு. அதைக் குட்டையான தொடை உள்ளவரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் ஆழம் கூடிவிட்டால் அவர் பின்னால் போய்ச் சாயும் முன்பே முன்விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்து உட்காருவார். எவ்வளவு அருமையான சாய்மானம் பின்னால் இருந்தாலும் அவர் முதுகு அதைத் தொடவே தொடாது. இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி இருந்தால் இரு தரப்புக்கும் நல்லது.

இன்னொரு நுணுக்கம். 5வது பெர்சன்டைல் "ஆள்" என்று முழுசாக ஒருவர் கிடையாது. கால் நீண்டு உடல் குட்டையாக இருப்பவர்கள் உண்டு. மாறாக இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் இருக்கையின் உயரம், கீழ்முதுகுத் தாங்கலின் உயரம், கைப்பிடியின் உயரம் மூன்றும் தனித்தனியாக மாற வேண்டியிருக்கிறது. ஒன்றை உயர்த்தினால் மற்றது தானாக உயரும்படி செய்துவிட்டால் பாதிப் பேருக்குச் சங்கடம்.

எல்லாவற்றையும் மாற்றும்படி செய்வதற்குப் பதிலாக இன்னொரு வழியும் உண்டு. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1994இல் வெளிவந்த ஏரான் நாற்காலி சட்டை போல மூன்று சைஸ்களில் வந்தது. வலைத் துணியால் ஆன இருக்கையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்ததால், சட்டத்தின் அளவையே மாற்றுவதுதான் அவர்களுக்கு ஒழுங்கான தீர்வாகத் தெரிந்தது.

இருக்கை

உயரத்தில் இருந்து தொடங்குவோம். பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும். அதே நேரம் தொடையின் அடிப்பகுதியில் விளிம்பு அழுத்தக் கூடாது. தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரையுள்ள உயரம்தான் இங்கே அளவுகோல். அலுவலக நாற்காலிகள் பெரும்பாலும் 40 முதல் 52 செ.மீ. வரை ஏறி இறங்கும். நைட்ரஜன் வாயுவை அடைத்த கேஸ் லிஃப்ட்தான் அந்த ஏற்ற இறக்கத்தைச் செய்கிறது. கால் குட்டையானவருக்கு 40 செ.மீ.கூட உயரமாக இருக்கலாம். அவருக்குக் கால்மணை தேவைப்படும். இருக்கை உயர்ந்து பாதம் தொங்கினால் கால்களின் எடை முழுவதும் தொடையின் அடியில் விளிம்பின் மேல் விழும். அங்கே ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் நசுங்கிக் கால் மரத்துப்போகும். இருக்கையின் முன்விளிம்பை உருட்டிக் கீழ்நோக்கி வளைத்துவிடுவதும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுவதும் இதற்காகத்தான்.

உட்காரும்போது உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தால் அவை தெளிவாகத் தட்டுப்படும். கெட்டியான பலகையில் எடை முழுவதும் இந்த இரண்டு சிறு இடங்களில் குவிகிறது, சீக்கிரமே வலிக்கிறது. எனவே மெத்தை தேவை. எவ்வளவு மெத்தென்று என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கடையில் உட்கார்ந்து பார்க்கும் இரண்டு நிமிடத்தில் மென்மையான ஃபோம்தான் ஜெயிக்கும். ஆனால் அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் அந்த எலும்புகள் அடிவரை அமிழ்ந்து, பாரம் சுற்றியுள்ள தசைக்கும் தொடையின் பக்கங்களுக்கும் போகிறது. இடுப்புக்கு உறுதியான தளம் இல்லாமல் போவதால், நிலையாக இருக்க முதுகுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. அதைவிட முக்கியம், குழிக்குள் உட்கார்ந்தவர் எளிதில் அசைய முடியாது. அடர்த்தி குறைந்த ஃபோம் சில மாதங்களில் தன் உயரத்தையும் இழந்துவிடும். பின்பக்கம் சற்று உறுதியாகவும் முன்விளிம்பு மென்மையாகவும் இருக்கும்படி அச்சில் வார்த்த ஃபோம் நல்ல தேர்வு. பிட்டத்தின் வடிவத்தை அப்படியே ஆழமாகச் செதுக்கிய இருக்கைகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அந்தப் பள்ளம் ஒரே ஒரு உடம்புக்கும் ஒரே ஒரு நிலைக்கும்தான் பொருந்தும்.

வலைத் துணி வேறு விதமாக வேலை செய்கிறது. அது நசுங்குவதில்லை, இழுபடுகிறது, காற்றும் போகிறது. அதன் பலவீனம் ஓரத்துச் சட்டம். அது கெட்டியாக இருப்பதால் தொடையின் பக்கமோ அடியோ அதில் பட்டால் உறுத்தும். இழுவிசை குறைந்து நடுவில் தொய்ந்துபோனால் ஊஞ்சலில் உட்கார்ந்த நிலைதான்.

சாய்மானம்

சாய்மானத்தைப் பற்றி நினைக்கும்போது முழு முதுகையும் அணைத்துக்கொள்ளும் ஒரு பெரிய பலகை மனதில் வரும். ஆனால் இடுப்பெலும்பு பின்னால் உருளாமல் தடுப்பதுதான் அதன் முதல் கடமை. அதற்கு இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் அதற்குச் சற்று மேலே உள்ள கீழ்முதுகிலும் தாங்கல் கிடைத்தால் போதும். மெத்தை அமுங்கியபின் இருக்கையிலிருந்து சுமார் 15 முதல் 25 செ.மீ. உயரத்தில் இந்தத் தாங்கலின் மிகப் புடைத்த இடம் வர வேண்டும்.

ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் ஓகர்ப்ளோம் என்ற மருத்துவர் 1948இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். பிட்டம் பின்னால் புடைத்திருக்கும் பகுதி. சாய்மானம் இருக்கையிலிருந்தே நேராக எழுந்தால் முதலில் இடிப்பது அதுதான். இடித்தவுடன் உடல் முன்னால் தள்ளப்படும். கீழ்முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே வெற்றிடம் விழும். எனவே சாய்மானத்தின் அடிப்பகுதியைத் திறந்து விட வேண்டும், அல்லது பின்னால் குழித்துவிட வேண்டும். விலை மலிவான நாற்காலிகள் பலவற்றில் லம்பார் சப்போர்ட் (கீழ்முதுகுத் தாங்கல்) என்று ஒரு குஷனை ஒட்டியிருப்பார்கள். பிட்டத்துக்கு இடம் விடாமல் வைத்த அந்தக் குஷன் ஆளை இன்னும் முன்னால்தான் தள்ளும்.

இப்போது பின்னால் சாய்வோம். சாய்மானம் மட்டும் சாய்ந்து இருக்கை தட்டையாகவே இருந்தால் என்ன ஆகும்? சாய்மானத்தில் அழுந்தும் முதுகு, இடுப்பை முன்னோக்கித் தள்ளும். இடுப்பு மெல்ல வழுக்கி முன்னால் போகும். லம்பார் தாங்கல் விலா எலும்புப் பக்கம் போய்ச் சேரும். சட்டை மேலே ஏறிச் சுருட்டிக்கொள்வதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். முழு நாற்காலியும் ஒரே துண்டாகச் சாய்ந்தாலோ, முழங்கால் மேலே எழும்பிப் பாதம் தரையை விட்டு அகலும். உடல் கோணமும் திறக்காது.

இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்துக் கிடைத்த விடைதான் சின்க்ரோ டில்ட். சாய்மானம் இரண்டு டிகிரி சாய்ந்தால் இருக்கை ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும். விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இடுப்பு வழுக்காத அளவுக்கு இருக்கை சாய்கிறது, கோணமும் திறக்கிறது, பாதமும் தரையிலேயே இருக்கிறது. சுழலும் அச்சை இருக்கையின் நடுவில் வைக்காமல் முழங்கால் பக்கமாக நகர்த்தினால் முன்விளிம்பு எழும்புவது இன்னும் குறையும். நல்ல மெக்கானிசத்தில் சாய்மானத்தின் அச்சு, உடலின் இடுப்பு மூட்டு இருக்கும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் இருக்கும். இரண்டும் விலகிப்போனால் முதுகும் சாய்மானமும் வெவ்வேறு வட்டத்தில் நகர்ந்து ஒன்றோடொன்று உரசும்.

சாய்வதற்கு எவ்வளவு தடை வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. 50 கிலோ எடையுள்ளவருக்கும் 100 கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே ஸ்பிரிங் இறுக்கம் பொருந்தாது. இதற்காக இருக்கைக்கு அடியில் திருகும் ஒரு குமிழ் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பூட்டைப் போட்டுவிட்டு நேராகவே உட்கார்ந்திருப்பார்கள். நீல்ஸ் டிஃப்ரியன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதைக் கவனித்தார். 1999இல் ஹியூமன்ஸ்கேல் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த ஃப்ரீடம் நாற்காலியில் குமிழும் இல்லை, பூட்டும் இல்லை. உட்காருபவர் சாயும்போது அவருடைய எடையே இருக்கையைச் சற்று மேலே தூக்குகிறது. அந்த எடையே எதிர்விசையாகிறது. கனமானவருக்குத் தானாகவே தடை கூடும், இலேசானவருக்குக் குறையும். நாற்காலி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. பயனாளியிடம் எதையும் கேட்காமல் அவருக்குப் பொருந்திக்கொள்கிறது.

முன்பக்கம் சாயும் வழி

சாய்மானத்தை நம்பாமல், இருக்கையையே முன்னால் சரித்து இடுப்புக் கோணத்தைத் திறந்தவர்களும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மண்டல் என்ற அறுவை மருத்துவர், எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள் நாற்காலியின் பின்கால்களைத் தூக்கி முன்கால்களில் நிறுத்தி உட்காருவதைக் கவனித்தார். அவர்களை அதட்டுவதற்குப் பதிலாக, அவர்கள் உடம்பு எதைத் தேடுகிறது என்று கேட்டார். உயரமான, முன்சரிவான இருக்கையும் சரிவான மேசையும் வேண்டும் என்று 1970களிலிருந்து வாதாடினார். 1979இல் நார்வேயில் வந்த பேலன்ஸ் வகை மண்டியிடும் நாற்காலிகள் இந்த எண்ணத்தின் தொடர்ச்சி. முன்னால் வழுக்காமல் இருக்க முன்னங்காலைத் தாங்கும் மெத்தை அதில் இருக்கும். கீழ்முதுகு வளைவு நன்றாகவே நிற்கிறது. ஆனால் கால் நகர்த்த இடமில்லை, முழங்காலிலும் முன்னங்காலிலும் அழுத்தம் கூடுகிறது. அதே நார்வேயின் பீட்டர் ஆப்ஸ்விக் 1984இல் குதிரைச் சேணத்தைப் பார்த்துச் செய்த கேபிஸ்கோ நாற்காலியில் தொடைகள் இரு பக்கமும் கீழே சரிய, உட்காருவதற்கும் நிற்பதற்கும் நடுவான ஒரு நிலை கிடைக்கிறது. திருப்பிப் போட்டு உட்கார்ந்து சாய்மானத்தில் மார்பைச் சாய்த்துக்கொள்ளவும் முடியும். வேலைக்கேற்ப மாறி மாறி உட்கார விரும்புகிறவருக்கு இது நல்ல வகை. மேசையும் அதற்கேற்ப உயர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கைப்பிடி, தலைத் தாங்கல், அடிக்கால்

கைப்பிடி தோளைத் தூக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. மேல்கை இயல்பாகத் தொங்க, முழங்கை மடங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். கைப்பிடியின் முன்பகுதி நீண்டு மேசை விளிம்பில் இடித்தால் நாற்காலியை மேசைக்குக் கிட்டே கொண்டுபோக முடியாது. அப்புறம் உடலே முன்னால் குனியும். கைப்பிடியைக் குட்டையாக்குவது அல்லது பின்னால் தள்ளுவது எளிய வேலை, பலர் செய்வதில்லை.

தலைத் தாங்கல் நிமிர்ந்து தட்டச்சு செய்யும்போது அவ்வளவாகத் தேவைப்படாது. நன்றாகப் பின்னால் சாயும்போதுதான் 4.5, 5 கிலோ எடையுள்ள தலையை அது தாங்குகிறது. நிமிர்ந்திருக்கும்போது தலையை முன்னால் தள்ளும் தாங்கலைவிட, தாங்கல் இல்லாததே மேல்.

அடிக்கால் ஐந்தாக இருப்பதற்குக் காரணம் சாதாரண வடிவியல். கால் நுனிகள் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு கால் என்றால், பக்கத்துப் பக்கத்து நுனிகளை இணைக்கும் கோடு மையத்திலிருந்து 21 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும், உடல் எடை அந்தக் கோட்டைத் தாண்டினால் நாற்காலி கவிழும். ஐந்து கால் என்றால் அந்தத் தூரம் 24 செ.மீ. ஆகிறது. சாயவும் சுழலவும் உருளவும் செய்கிற நாற்காலிக்கு அந்த 3 செ.மீ. பெரிய பாதுகாப்பு.

செய்து பார்க்கும்போது

கணினியில் வரைந்த நாற்காலி எப்படித் தாங்கும் என்பதை உட்கார்ந்தால்தான் அறிய முடியும். அனுபவமுள்ளவர்கள் முதலில் அழகான மாதிரியைச் செய்வதில்லை. மரமும் இரும்புக் கம்பியும் கொண்டு, எல்லா அளவையும் கோணத்தையும் மாற்றக்கூடிய ஒரு சோதனைச் சட்டத்தைச் செய்கிறார்கள். அதில் குட்டையானவர், உயரமானவர், பருமனானவர், மெலிந்தவர், வயதானவர், கர்ப்பிணி என்று பலரை உட்கார வைத்து, அவரவர்க்கு எது வசதி என்று குறித்துக்கொள்கிறார்கள். எடை எங்கே குவிகிறது என்பதைச் சென்சார் பதித்த விரிப்பை இருக்கையில் போட்டு வண்ணப் படமாகப் பார்க்கவும் முடியும். ஆனால் படம் சீராக இருக்கிறது என்பதாலேயே நாற்காலி நல்லதாகிவிடாது. அந்த ஒரு நொடியின் அழுத்தத்தைத்தான் அது காட்டுகிறது.

ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லும் கருத்தை நம்பாதீர்கள். அவரவர் வழக்கமான வேலையைச் செய்யவிட்டு இரண்டு மணி நேரமாவது கவனியுங்கள். எத்தனை முறை நிலை மாற்றுகிறார்கள்? பின்னால் சாய்கிறார்களா, அல்லது இருக்கையின் முன்விளிம்பிலேயே தொற்றிக்கொண்டிருக்கிறார்களா? முன்விளிம்பில் இருந்தால் உடனே நாற்காலியைக் குறை சொல்லிவிடாமல் மேசையையும் திரையையும் பாருங்கள். எழுத்து சிறியதாக இருந்தாலோ, லேப்டாப் திரை தாழ்ந்திருந்தாலோ, கண் முன்னே போகும், தலை அதன் பின்னே போகும், முதுகும் போகும். அதைச் சாய்மானத்தால் தடுக்க முடியாது.

கூடவே லீவர்களையும் சோதியுங்கள். எதையும் விளக்காமல் விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே, குனியாமல், அடியில் எட்டிப் பார்க்காமல், உயரத்தையும் சாய்வையும் அவர்களாக மாற்றிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். கை எட்டாத லீவரையும், எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாத குமிழையும் யாரும் இரண்டாம் முறை தொடமாட்டார்கள். தொடாத வசதிக்கு ஆகும் செலவை இருக்கையின் ஃபோமுக்கோ சாய்மானத்தின் அச்சுக்கோ கொடுத்துவிடலாம்.